பாயைச் சுருட்டி வைக்கும் வைத்தியம்

(கிளிநொச்சியில் சுகாதாரப் பணியாளரும் ஊர்ப் பெரியோரும் கூடிய சபையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது பிரதேச வைத்தியசாலைகளின் வெளிநோயாளர் பிரிவிலே ஒரு காலைப்பொழுது அமர்ந்து, வருவோர் தத்தம் முறைப்பாடுகளை எந்த ஒழுங்கிலே சொல்லுகிறார்கள் என்பதை மாத்திரம் கவனித்துக்கொண்டிருப்பவர்க்கு ஒரு விஷயம் விரைவிலே புலனாகும். முழங்கால் நோவு முன்னே வரும். அதன்பின் தலையிடி, நெஞ்செரிவு, உடம்பு உளைவு என்பன வரிசையாக வரும். வைத்தியர் துண்டை எழுதி முடித்து அடுத்தவரை அழைக்க நிமிரும் வேளையில், எழுந்து வாயில் வரை சென்றுவிட்ட ஓர் அம்மா, திரும்பி நின்று, "நித்திரையும் இல்லை டொக்டர்" என்பார். கடைசியாகச் சொல்லப்படுவது கடைசியாகவே கவனிக்கப்படுவது உலக வழக்கு. துண்டின் அடியிலே இரவுக்கு ஒரு குளிசை என்று ஒரு வரி சேரும். அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் அவ்வரி துண்டுக்குத் துண்டு பெயர்த்தெழுதப்பட்டு, எதற்காகத் தொடங்கியது என்பதை எழுதினவரும் விழுங்கினவரும் மறந்துபோன பின்னும் நிலைத்திருக்கும். அந்த அடிவரியிலே அடங்கிக் கிடக்கும் வியாதியைத் தலைவரிக்குக் கொண்டுவர வேண்டும் என்பதும், அதற்குரிய சிகிச்சை பெருநகரத்து விசேட நிபுணரிடத்திலன்றி நமது கிராமத்து வைத்தியசாலைத் தாதியரின் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது என்பதுமே இன்று நான் சொல்ல வந்த பொருள்.

முதலிலே எதனை வியாதி என்கிறோம் என்பதை வரையறுத்துக்கொள்வது அவசியம். உறங்கத் தக்க அவகாசமும் இடமும் இருந்தும், கிழமைக்கு மூன்று இரவுக்குக் குறையாமல், மூன்று மாதத்துக்குக் குறையாமல், படுத்தபின் நெடுநேரம் கண்ணயராமலோ, இடையிடையே விழித்துக்கொண்டோ, விடியுமுன் எழும்பிப் பின் உறங்க மாட்டாமலோ ஒருவர் வருந்த, அதனால் அவருடைய பகற்பொழுதும் பழுதுபடுமாயின், அதனை நாட்பட்ட நித்திரையின்மை என்று வைத்திய நூலார் கொள்வர். இவ்விலக்கணத்திலே 'அவகாசமும் இடமும் இருந்தும்' என்ற நிபந்தனை வன்னியிலே மிகவும் நிதானித்து நோக்கத்தக்கது. காலபோக நெல் கதிர் தள்ளி நிற்கும் காலத்திலே, கையிலே யானை வெடியும் கண்ணிலே எரிச்சலுமாய் வயற் குடிலில் விடியுமட்டும் இருக்கும் கமக்காரனுக்கு வேண்டியது சிகிச்சையன்று, யானை வேலி. மழைக்கு ஒழுகும் தகரக் கொட்டிலிலே பிள்ளைகளை மூலைக்கு மூலை மாற்றிப் படுக்கவைக்கும் தாய்க்கு வேண்டியது கூரை. இவர்களையும் நோயாளர் கணக்கிலே சேர்த்துவிடுவோமாயின், அரசாங்கம் செய்ய வேண்டியதை ஆஸ்பத்திரியின் தலையில் ஏற்றியவர்களாவோம்.

இவ்வாறு விலக்கத்தக்கவரை விலக்கிய பின்னும் எஞ்சுபவர் நம்மிடையே ஏராளம். அவர்களுடைய வரலாற்றை இந்தச் சபைக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. 2008ஆம் ஆண்டு தொடக்கம் 2009 மே மாதம் வரையில், மன்னார்ப் பக்கத்து ஊர்களிலிருந்து கிளிநொச்சிக்கும், கிளிநொச்சியிலிருந்து தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, தேவிபுரம், மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று கிழக்கு நோக்கியும் பெயர்ந்துகொண்டேயிருந்த ஜனங்கள், பதுங்குகுழிக்குள்ளே ஒரு காதைத் திறந்துவைத்துக்கொண்டு உறங்கப் பழகினார்கள். எறிகணை புறப்படும் ஓசைக்கும் வந்து விழும் ஓசைக்கும் இடைப்பட்ட கணத்திலே விழித்துக்கொண்டவர் பிழைத்தார். அந்நாளிலே மெல்லிய நித்திரை நோயாகவில்லை, அது புத்தி. அதன்பின் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமிலே, கூடாரத்துக்குக் கூடாரம் இடைவெளியின்றி, வெளிச்சமும் கூச்சலும் விசாரணை அச்சமும் நிறைந்த இரவுகள் வந்தன. அம்முகாம் 2012 செப்ரெம்பரிலே மூடப்பட்டது. சனம் ஊர் திரும்பிற்று, கூரை வந்தது, மின்சாரம் வந்தது, குளத்திலே தண்ணீரும் வந்தது. நித்திரை மாத்திரம் பலருக்குத் திரும்பி வரவில்லை.

ஏன் வரவில்லை என்று கேட்டால், "சண்டைதான் காரணம்" என்ற விடை உடனே கிடைக்கும். அவ்விடை பொய்யன்று; ஆயினும் பாதி மெய். 2009இன் பிற்பகுதியில் யாழ்ப்பாண மாவட்டத்திலே நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஓர் ஆய்விலே, போர்வடு சார்ந்த மனநெருக்கீட்டு நோய்க்குரிய குறிகள் நூற்றுக்கு 7 பேரிடமும், பதகளிப்புக் குறிகள் 32.6 பேரிடமும், மனச்சோர்வுக் குறிகள் 22.2 பேரிடமும் காணப்பட்டன. இடம்பெயர்ந்தோரிடையே இவை மிகுந்திருந்தன. இம்மூன்றிலும் நித்திரைக் குலைவு ஒரு கூறு என்பதனால், மூல நோய் தீர்ந்தால் நித்திரை தானே வரும் என்று வைத்தியரும் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மன் என்பவர் 1987இலே சகாக்களுடன் வெளியிட்ட விளக்கம் இந்த எண்ணத்தை அசைத்தது. ஒருவருடைய நித்திரையின்மைக்கு முன்னமே இருக்கும் சுபாவம் ஒன்று, அதைத் தொடக்கிவைத்த சம்பவம் ஒன்று, அதனை இன்று வரை நிலைநிறுத்தும் பழக்கம் ஒன்று என மூவகைக் காரணங்கள் உண்டென்றும், காலம் செல்லச் செல்லத் தொடக்கிவைத்த சம்பவத்தின் பங்கு தேய்ந்து, நிலைநிறுத்தும் பழக்கத்தின் பங்கு வளருமென்றும் அவர் காட்டினார். இதனை வன்னிக்குப் பொருத்திப் பார்த்தால், நித்திரையை முதலிலே பறித்தது போர். இன்று அதை வரவிடாமல் வாயிலில் நிற்பது பெரும்பாலும் வேறொன்று. போரைத் திருப்பி அழைத்துத் திருத்த எவராலும் இயலாது. வாயிலில் நிற்பதை அகற்றலாம்.

அது யாது என்று சற்று விரித்துச் சொல்வேன். இரவிலே உறக்கம் வராதவர் என்ன செய்வார்? வரும் நேரத்தில் வரட்டும் என்று எட்டு மணிக்கே பாயை விரிப்பார். ஒன்பது மணித்தியாலம் கிடந்து ஐந்து மணித்தியாலம் உறங்குவார். எஞ்சிய நான்கிலும் கோழி கூவுதலை எண்ணியும் கைத்தொலைபேசியில் நேரம் பார்த்தும் புரளுவார். பகலிலே சோர்வு தாங்காமல் விறாந்தையில் சாய்வார். சோர்வைத் தீர்க்கப் பின்னேரம் இரண்டாம் தரம் தேத்தண்ணி குடிப்பார். (கனடாவிலிருக்கும் பிள்ளைக்கு அங்கே பகலாகையால் இங்கே நள்ளிரவில் அழைப்பு எடுப்பதையும் இவ்வட்டவணையிலே சேர்க்கலாம், ஆயினும் அதைத் தடுக்கும்படி எந்தத் தாய்க்கும் புத்தி சொல்ல நான் துணியேன்.) இச்செயல்கள் ஒவ்வொன்றும் நியாயமானவை, ஒவ்வொன்றும் நோயை வளர்ப்பவை. நித்திரைக்குரிய உந்துதலானது, மாரியிலே இரணைமடுக் குளத்தில் நீர் ஏறுவதுபோல, நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் சிறுகச் சிறுக உடம்பிலே சேருவது. பகலுறக்கம் நேரமல்லா நேரத்தில் துருசைத் திறந்துவிடுவதாகும். இரவு வரும்போது பாய்ச்சலுக்குப் போதிய மட்டம் இராது. அதனோடு, புரண்டு புரண்டு கழித்த இரவுகள் பெருகியபின், பாயானது உறக்கத்தின் அடையாளமாய் இருந்த நிலை மாறி விழிப்பின் அடையாளமாகிவிடுகிறது. கதிரையிலே இருந்தபடி கண் சொக்கிய ஒருவர், எழுந்து சென்று பாயிலே சரிந்த மாத்திரத்தில் நித்திரை கலைந்து விழித்துக்கொள்வது இதனாலேயே.

இனிச் சிகிச்சைக்கு வருவோம். அறிகை நடத்தைச் சிகிச்சை என்று பெயர் பெற்ற இம்முறைக்கு வேண்டிய கருவி ஒரு கொப்பியும் பென்சிலும். முதல் ஒரு கிழமை, அல்லது இரண்டு கிழமை, படுத்த நேரம், உத்தேசமாக உறங்கிய நேரம், எழும்பிய நேரம் என்பவற்றை நாள்தோறும் காலையிலே குறிக்க வேண்டும். எழுத அறியாதார்க்குக் கட்டம் போட்டுக் கொடுத்தால், பேரப்பிள்ளை நிரப்பிக்கொள்ளும். மணிக்கணக்குச் சரிநுட்பமாய் இருக்க வேண்டுவதில்லை. கணக்கு முடிந்ததும், மேலே சொன்னவரைப்போல ஒன்பது மணித்தியாலம் கிடந்து ஐந்து உறங்குவோர்க்கு, உறங்கும் அளவுக்கு அண்மையாக, ஐந்தரை மணித்தியாலம் மாத்திரமே பாய் அனுமதிக்கப்படும். அதிகாலை ஐந்து மணிக்கு எழும்புவது அவருடைய வழமையாயின், இரவு பதினொன்றரை வரையிலே பாய் விரிக்கலாகாது, எவ்வளவு குறைவாய் உறங்கினாலும் ஐந்துக்கு எழும்பிவிட வேண்டும், பகலிலே சாயலாகாது. கிடக்கும் நேரத்திலே நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் உறக்கமாய் அமைந்த கிழமையில், படுக்கும் நேரத்தைக் கால் மணித்தியாலம் முன்னே தள்ளலாம். இப்படிக் கிழமைக்குக் கிழமை நேரம் விரிந்து, அவர் உடம்புக்கு ஏற்ற அளவிலே வந்து நிற்கும். ஐந்து மணித்தியாலத்துக்குக் கீழே எவர்க்கும் குறைப்பதில்லை என்பது ஒரு காவல் விதி.

இதனோடு சேர்ந்த இரண்டாவது விதியை 1972இலே ரிச்சர்ட் பூற்சின் என்ற அமெரிக்கர் வகுத்தார்: உறக்கம் கண்ணைச் சுழற்றினால் மாத்திரம் படுக்கைக்குச் செல்க, சற்று நேரத்திலே உறக்கம் பிடிக்காவிட்டால் எழும்பி அப்பால் செல்க, மறுபடி கண் சுழன்றால் மறுபடி செல்க. இதனை மேல்நாட்டு நூல்களிலே படிக்கும்போது, படுக்கையறையை விட்டு வேறோர் அறைக்குப் போகும்படி எழுதியிருப்பார்கள். ஓர் அறையும் ஒரு விறாந்தையுமே உள்ள வீட்டிலே, நுளம்பு வலைக்குள் நான்குபேர் வரிசையாய்க் கிடக்கும் நமக்கு, அவ்விதி நடவாத காரியம் என்று தோன்றலாம். எனக்கு மறுதலையாகவே தோன்றுகிறது. கட்டிலும் மெத்தையும் பகலிரவாய் அவ்விடத்திலேயே கிடப்பவை. பாயோ சுருட்டி வைக்கத்தக்கது. உறக்கம் வந்தபோது விரித்து, வராதபோது சுருட்டிச் சுவரோடு சார்த்திவிட்டுக் கதிரையில் இருப்பவர், பூற்சின் விதியை அவருடைய நாட்டாரிலும் செம்மையாய் நிறைவேற்றியவராவார். பாம்பையும் யானையையும் அஞ்சவேண்டிய ஊரிலே முற்றத்தில் இறங்க வேண்டியதில்லை. ஆண்துணையின்றி வாழும் பெண்கள் பதினொன்றரை மணிவரை தனியே விழித்திருக்க அஞ்சுவாராயின், படுக்கும் நேரத்தை முன்னே வைத்து எழும்பும் நேரத்தையும் முன்னே இழுத்துக்கொள்ளலாம். மொத்த அளவு கெடாதிருந்தால் போதும். இத்தகைய நெகிழ்ச்சிகளை மேல்நாட்டிலிருந்து வந்து எவரும் சொல்லித் தரப்போவதில்லை. இங்குள்ள தாதியரே வகுத்தல் வேண்டும்.

மூன்றாவது பகுதி எண்ணங்களைப் பற்றியது; இதிலேதான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். 'படுத்தவுடன யோசனை வருது' என்பது நமது ஊர்களில் யாவரும் சொல்லும் வாசகம். நுண்கடன்காரர் கிழமைதோறும் வாயிலுக்கு வரும் வீட்டிலே யோசனை வராமல் எப்படி இருக்கும்? அதற்குச் சிகிச்சை முறையிலே ஒரு சிறு உபாயம் உண்டு: பொழுதுபடும் வேளையில் கால் மணித்தியாலத்தை யோசனைக்கென்றே ஒதுக்கி, மனத்தில் உள்ளதையும் நாளைக்குச் செய்யத்தக்கதையும் கொப்பியிலே எழுதி மூடிவிடுதல். அற்பமாய்த் தோன்றும் இவ்வுபாயம் பயன் தருவது. அப்பால், "இண்டைக்கும் நித்திரை வராது", "எட்டு மணித்தியாலம் படுக்காட்டில் விசர் பிடிச்சிடும்" என்பனபோல நித்திரையைக் குறித்தே எழும் அச்சங்களைக் கொப்பியிலுள்ள கணக்கைக் காட்டித் தளர்த்துதல். இவ்வளவோடு நிற்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இந்நகரத்துக் கந்தசுவாமி கோவில் முன்றிலிலே 2017 பெப்ரவரி 20ஆந் திகதி தொடங்கிய, காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் போராட்டத்திலே பிள்ளையின் படத்தைக் கையில் ஏந்தி அமர்ந்த தாய்மாரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் ஒருவர், பிள்ளை வந்து தட்டினால் கேட்கவேண்டும் என்று விழித்திருப்பாராயின், அவ்வெண்ணத்தைப் பிழையான எண்ணம் என்று திருத்தப் புகுவது வைத்தியமாகாது, அது அநாகரிகம். பாயின் நேரத்தைச் சீர்செய்ய அவர் விரும்பினால் உதவலாம். காத்திருத்தலை ஒருவரும் தொடலாகாது. போரின் காயம் தனி மனிதரோடு நில்லாமல் குடும்பத்தையும் சமூகத்தையும் ஊடறுத்துச் செல்வது என்று பேராசிரியர் தயா சோமசுந்தரம் பல ஆண்டுகளாக எழுதிவந்ததை, கொப்பியும் பென்சிலும் கொண்டு தீர்த்துவிடலாம் என்று நான் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டாம்.

குளிசையைப் பற்றிச் சுருங்கச் சொல்லி அப்பாற் செல்வேன். டயசிபாம் 1963இலே சந்தைக்கு வந்தது. அதற்கு முந்திய பாபிற்றுரேற்று மருந்துகளிலும் ஆபத்துக் குறைந்தது என்பதனால் உலகமெங்கும் விரும்பப்பட்டது. சில நாட்களுக்கு அதனால் உதவியுண்டு. மாதக்கணக்கில் விழுங்கும்போது உடம்பு அதற்குப் பழகி, பலன் குறைந்து, விட முயன்றால் முன்னிலும் மோசமான விழிப்பு வருகிறது; வயோதிபர் இரவிலே தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கும் ஏதுவாகிறது. சார்ள்ஸ் மொறின் என்பவரும் சகாக்களும் முதியோர் 78 பேரிடம் செய்து 1999இலே வெளியிட்ட ஆய்வில், குளிசையும் இந்நடத்தைச் சிகிச்சையும் தொடக்கத்திலே இரண்டும் பலன் தந்தன. இரண்டாண்டு கழித்துப் பார்க்கையில் நடத்தைச் சிகிச்சை பெற்றவரிடமே அப்பலன் நிலைத்திருந்தது. 2016இலே அமெரிக்க மருத்துவர் கல்லூரி, நாட்பட்ட நித்திரையின்மைக்கு முதலிலே கொடுக்கத்தக்கது இச்சிகிச்சையே என்று விதித்தது. பல ஆண்டு விழுங்கியவர் ஒரே நாளில் நிறுத்திவிடலாகாது. வைத்தியரின் மேற்பார்வையிலே சிறுகச் சிறுகக் குறைக்க வேண்டும். கசிப்பை நித்திரை மருந்தாய்க் கொள்ளும் ஆண்களுக்கு ஒரு வார்த்தை: அது முன்னிரவிலே தள்ளிவிட்டுப் பின்னிரவிலே எழுப்பிவிடும்.

இத்தனையும் செய்ய உளவியல் நிபுணர் எங்கே இருக்கிறார் என்பதே இச்சபையில் எழத்தக்க பிரதான ஆட்சேபம். அதற்கு விடை அண்மையிலே கிடைத்திருக்கிறது. இங்கிலாந்திலே 35 குடும்ப வைத்திய நிலையங்களில் 642 பேரைக் கொண்டு நடத்தி 2023இலே வெளியிட்ட ஓர் ஆய்விலே, மேலே கூறிய பாய் நேரத்தைச் சுருக்கும் விதியை மாத்திரம், உளவியற் பட்டம் எதுவும் பெறாத சாதாரணத் தாதியர், சிறு பயிற்சியின் பின், நான்கு கிழமையில் நான்கு முறை சந்தித்துக் கற்பித்தனர். 28 புள்ளி கொண்ட நித்திரையின்மை அளவுகோலிலே, ஆறு மாதத்தின் பின், கற்பிக்கப்பட்டோர் 10.9 என்ற அளவிலும் ஏனையோர் 13.9 என்ற அளவிலும் நின்றனர். சராசரி மூன்று புள்ளி பெரிதன்று எனலாம். நான்கு சிறு சந்திப்புகளின் விலைக்கு அது மலிவானதே என்பது என் கணிப்பு.

நமது நாட்டுக்கு இவ்வழி புதியதுமன்று. 1926இலே களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலம் முதல், பிரசவத்திலும் தடுப்பூசியிலும் நாம் பெற்ற சித்திகளிலே பெரும் பங்கு வீடு வீடாய்ச் சென்ற குடும்பநல மருத்துவமாதர்களுடையது. அண்மைக் காலத்திலே வட மாகாணத்து ஆரம்பப் பராமரிப்பு நிலையங்களில், உலக சுகாதார நிறுவனத்தின் கைந்நூலைக் கொண்டு சாதாரண வைத்தியர்களையும் சமூகப் பணியாளர்களையும் மனநலப் பராமரிப்பிலே பயிற்றும் ஆய்வு ஒன்றையும் மறைந்த செஸ்மல் சிறிவர்தனவும் அவர் சகாக்களும் தொடங்கிவைத்தனர். சீனி வருத்தத்துக்கும் பிறஷருக்கும் மாதந்தோறும் கிளினிக் வருவோர், வரிசையிலே காத்திருக்கும் நேரத்திலே, தாதி ஒருவர் கொப்பியைப் பார்த்துக் கணக்கிட்டு அடுத்த நேரத்தை எழுதிக் கொடுக்கலாம். இடைக் கிழமைகளில் தொலைபேசியிலே விசாரிக்கலாம். மாவட்ட மனநல வைத்திய அதிகாரி இத்தாதியரை மாதமொருமுறை கூட்டிச் சந்தேகம் தீர்த்தால் போதும். எவரை இம்முறைக்குள் கொண்டுவரலாகாது என்பதையும் அவர்கள் அறிந்திருக்க வேண்டும்: வலிப்பு உள்ளவர், பித்து எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வருபவர், பலத்த குறட்டையோடு இடையிலே மூச்சடைப்பவர், இரவு பஸ் சாரதிகள், உயிரை மாய்க்கும் எண்ணம் உள்ளவர். கடைசியிற் சொன்னவரை அன்றைக்கே மனநலப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். துர்க்கனவினாலே அலறி எழுபவர்க்கும் பாய்க்கணக்கு மாத்திரம் போதாது. அவர்க்குரிய சிகிச்சை வேறு.

தாதியர்க்கு இன்னொன்று சொல்ல வேண்டும். முதல் இரண்டு கிழமையிலே நோயாளியின் நிலை மோசமாகும்; பகலிலே கண் சொக்கும், கோபம் வரும், "உங்கட வைத்தியத்தால இருந்த நித்திரையும் போச்சு, பிள்ளை" என்று ஏசுவார். இதனை முன்கூட்டியே சொல்லி வைத்தவர்களிடம் அவர் திரும்பி வருவார். சொல்லாமல் விட்டவர்களிடம் வாரார். அரிவாளும் உழவு இயந்திரமும் கையாளும் நாட்களிலே இச்சோர்வு ஆபத்தாகையால், தொடங்கும் காலத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். யானைக்காவலும் காலபோக அறுவடையும் முடிந்த சித்திரை மாதம் பொருத்தமானதாய்த் தோன்றுகிறது. அப்படித் தொடங்கினால் நடுவிலே இரண்டு இடையூறு வரும். ஒன்று வற்றாப்பளை அம்மன் பொங்கல். அன்றிரவு முழுதும் விழித்திருப்பவர் நோயாளியல்லர். அவ்வொரு நாளைக் கொப்பியிலே கோடு கீறி விட்டுவிட்டு, மறுநாட் பகலிலே சாயாமல், வழமையான நேரத்திலே பாய் விரிக்கச் சொன்னால் போதும். மற்றது முள்ளிவாய்க்கால் நினைவு நாளாகிய மே மாதம் 18ஆந் திகதியை அடுத்த நாட்கள். அக்கிழமையிலே பலருடைய கணக்கும் குலைந்துபோகும். அதனைச் சிகிச்சையின் தோல்வியென்று தாதியர் எழுதலாகாது. நோயாளியும் அப்படி எண்ண விடலாகாது. அந்தக் கிழமைக்குப் பாயின் நேரத்தைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். இருந்தபடியே விட்டு, அடுத்த கிழமை மறுபடி கணக்குப் பார்க்கலாம்.